இருபது நிமிடத்துக்கு ஒப்பந்தம் போடாதீர்கள்: உலர்ந்த மலைப்பகுதி வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலர்ந்த மலைப்பகுதிகளில் கடை, உணவகம், விடுதி, கிடங்கு நடத்துகிற வணிகர் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

14 வருடம் தோளில் பூச்சிமருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு உங்களைப் போன்றவர்களின் சமையலறைகளிலும் பின்கட்டுகளிலும் பரண்களிலும் வேலை பார்த்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை. எந்த நிறுவனத்துக்கும் ஆள் பிடித்துக் கொடுக்க இதை எழுதவில்லை. உறுப்பினர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெஸ்ட் கன்ட்ரோல் (பூச்சி, எலிக் கட்டுப்பாடு) ஒப்பந்தம் போடலாம் என்று பல சங்கங்கள் யோசிக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் கோட்டேஷன் கேட்டு அனுப்புகிற படிவங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வருடத்துக்கு எத்தனை முறை வருவீர்கள், ஒரு முறைக்கு எவ்வளவு, என்ன மருந்து அடிப்பீர்கள் என்று மூன்று கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. வருகிற ஆள் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார் என்று யாருமே கேட்பதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் காலையில் கையில் ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 16 இடம். மலைச் சாலையில் வண்டி ஓட்டும் நேரத்தைக் கழித்தால் ஓர் இடத்துக்கு இருபது நிமிடம்கூட மிஞ்சாது. வண்டியை நிறுத்துவது, சாவிக்குக் காத்திருப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் அதற்குள்தான். அந்த நேரத்தில் ஒரு மனிதனால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: சுவரோரமாக ஒரு கோடு மருந்து அடித்துவிட்டுக் கிளம்புவது. அடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்க்க நேரமில்லை. மேலே ஏறிப் பார்க்க ஏணியை இறக்கவும் நேரமில்லை. சர்வீஸ் தாளில் "எல்லாம் பரிசோதிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பல முறை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. இந்த மடலை எழுத அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், உங்கள் நிலத்தின் தன்மை. ஈரக்காற்று வீசும் சமவெளியில் சரிப்படுகிற வேலைமுறையை அப்படியே தூக்கிக்கொண்டு மலைக்கு வருகிற நிறுவனங்கள் நிறைய. அங்கே பூச்சி எங்கும் இருக்கும். எங்கே அடித்தாலும் ஏதோ ஒன்று சாகும். உலர்ந்த மலையில் அப்படி இல்லை. காற்றில் ஈரமே கிடையாது, இரவில் குளிர் எலும்பைத் தொடும், வெயிலோ தோலை உரிக்கும். வெளியே பிழைக்க முடியாத உயிர் எல்லாம் தண்ணீரையும் கதகதப்பையும் தேடி உங்கள் கட்டடத்துக்குத்தான் வரும். ஆகவே அவை கட்டடம் முழுக்கப் பரவியிருப்பதில்லை. நாலைந்து இடங்களில் குவிந்து கிடக்கும். அந்த நாலைந்து இடங்களைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தால் வேலை பாதி முடிந்தது. அந்தக் கண்ணுக்கு நேரம் வேண்டும்.

ஓர் உணவகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாதமாகக் கரப்பான் தொல்லை. மாதம் தவறாமல் மருந்து அடித்திருக்கிறார்கள். நான் போனபோது உரிமையாளர் அம்மா பேசவே மறுத்துவிட்டார். விரலால் சமையலறையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அடுத்த இடம் ரத்தாகியிருந்ததால் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன். ஐஸ் மெஷினுக்குப் பின்னால், வடிகுழாய் இணைகிற இடத்தில் பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டு ஊறிய இடம் என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதைச் சுற்றி, மெஷினின் காலடியில், கம்ப்ரஸர் சூட்டுக்கு ஒட்டினாற்போல நூற்றுக்கணக்கில் கரப்பான்கள். பழைய ஆள் வைத்துவிட்டுப் போன ஜெல் (கரப்பான் தின்று சாவதற்கான விஷப்பசை) புள்ளிகள் இரண்டடி தள்ளி இருந்தன; நகத்தால் சுரண்டினால் காய்ந்த பசை போல உதிர்ந்தன.

அந்தச் சின்னக் கரப்பானுக்கு (ஜெர்மன் கரப்பான் என்பார்கள்) பசியைத் தாங்கத் தெரியும், தாகத்தைத் தாங்கத் தெரியாது. தண்ணீர் கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் தாண்டுவது கடினம். ஆனால் ஒரு முட்டைப் பையில் 30, 40 முட்டை இருக்கும்; பொரிக்கிற தறுவாய் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். அதனால் தண்ணீர் இருக்கும் வரை எத்தனை முறை மருந்து அடித்தாலும் அடுத்த தலைமுறை வந்துவிடும். இன்னொன்றும் அங்கே நடந்திருந்தது. மாதாமாதம் அடித்த ஸ்பிரே அவற்றை விரட்டி இடுக்குகளின் ஆழத்துக்குத் தள்ளியிருந்தது. ஜெல் மேலேயும் பட்டு அதைத் தின்ன முடியாமல் ஆக்கியிருந்தது. ஜெல்லும் ஸ்பிரேயும் ஒரே இடத்தில் போட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். தொழில் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. அந்த உணவகத்தில் வடிகுழாயை மாற்றி, வாக்குவம் போட்டு உறிஞ்சி, புதிய ஜெல்லைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக மெஷினுக்கு அருகிலேயே வைத்தோம். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போய்க் காய்ந்த புள்ளிகளை மாற்றினோம். ஐந்தாவது வாரம் ஒட்டு அட்டையில் இரண்டே இரண்டு இருந்தன. ஒரு லிட்டர் மருந்துகூட அடிக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கோட்டேஷன் கொடுக்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "எங்கள் காற்றில் ஜெல் எத்தனை நாள் ஈரமாக இருக்கும்?" தெரிந்தவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார்: எந்த இடத்தில், அடுப்புக்குப் பக்கத்திலா, ஃப்ரிட்ஜுக்குக் கீழேயா என்று. தெரியாதவர் "மூன்று மாசம் கவலையே வேண்டாம் சார்" என்பார். அப்படிச் சொன்னவரை அன்போடு வழியனுப்பி வையுங்கள்.

உலர்ந்த காற்று உங்களுக்கு ஒரு சகாயமும் செய்கிறது. பூச்சியின் மேல்தோலில் இருக்கிற மெழுகுப் படலத்தைச் சிதைத்து அதை உலர்த்திக் கொல்லும் பொடிகள் உண்டு. சிலிக்கா ஜெல் பொடியும் டயட்டம் மண்ணும் அந்த வகை. ஈரமான ஊரில் இவை சொதப்பும். உங்கள் மலையிலோ, சுவரின் உள்வெற்றிடத்திலும் மின்பெட்டிகளுக்குப் பின்னாலும் மெல்லிசாகத் தூவிவிட்டால், நனையாத வரை வருடக்கணக்கில் வேலை செய்யும். மூச்சில் போகாதபடி மூடிய இடுக்குகளுக்குள் மட்டும் தூவ வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி குவித்துவைக்கக் கூடாது. இதைப் பற்றித் தானாகவே பேச்செடுக்கும் நிறுவனம் உங்கள் நிலத்தைப் புரிந்துகொண்ட நிறுவனம்.

தரையில் இருக்கிற சாக்கடை ட்ராப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வளைவில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக்கும் உங்கள் அறைக்கும் நடுவே இருக்கிற கதவு. ஈரமான ஊரில் அது மாதக்கணக்கில் நிற்கும். வறண்ட காற்றிலோ, யாரும் புழங்காத குளியலறையிலும் சீசன் முடிந்து பூட்டிய விடுதி அறையிலும் சில வாரங்களில் வற்றிவிடும். நாற்றம் வந்தால் எல்லோருக்கும் தெரியும். பெரிய கரப்பான் அதே வழியாக ஏறி வருவது தெரியாது. வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். நீண்ட நாள் பூட்டப் போகிறீர்கள் என்றால் தண்ணீருக்கு மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். ஒரு விடுதியில் 11 அறைகளுக்கு மாதாமாதம் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தேவைப்பட்டது ஒரு வாளித் தண்ணீர். தண்ணீரை வைத்து ஓடுகிற ஏர் கூலரும் இதே கதைதான். அடித்தொட்டியில் கொசுப்புழு இருக்கும், கசிகிற குழாய்க்கடியில் எறும்பு இருக்கும், ஜன்னலில் அதைப் பொருத்திய சந்து வழியாகக் குளவி வரும். கட்டடத்தை ஒட்டிச் செடி வைத்துச் சொட்டுநீர் விடுகிறவர்கள் அந்தக் குழாயைச் சுவரிலிருந்து ஓரிரு அடியாவது தள்ளிப் போடுங்கள். வறண்ட நிலத்தில் சுவரோரம் ஈரம் வைப்பது எறும்புக்கும் எலிக்கும் அழைப்பு வைப்பது.

சரி, எலிக்கு வருகிறேன். மலைப்பகுதி வணிகருக்கு உண்மையான ஆபத்து இங்கேதான்.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். பெருச்சாளியை விடுங்கள், சாதாரண எலிக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். இது எல்லா ஊருக்கும் பொது. உங்கள் ஊருக்கென்று தனியாக இருப்பது, சந்துகள் தாமாகவே பிறப்பது. வறண்ட காற்றில் மரம் சுருங்கும். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவே சுவரும் இரும்பும் நீண்டு சுருங்குவதால், இடையில் பூசிய சீலன்ட் பிளக்கும். உயரமான இடத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். கதவடியில் ஒட்டிய ரப்பர் பட்டை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். போன வருடம் அடைத்த சந்து இந்த வருடம் திறந்திருக்கும். ஆகவே "ஒருமுறை அடைத்தால் ஆயுசுக்கும் போதும்" என்று எழுதிக் கொடுக்கிறவரை நம்பாதீர்கள். குளிர்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்த பிறகு ஒருமுறையும், கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கச் சுற்றிப் பார்த்து அடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எதைக் கொண்டு அடைப்பது என்பதையும் எழுதுங்கள். வெறும் ஃபோமை எலி ஒரே இரவில் கடித்துத் துப்பிவிடும். செம்பு வலையோ துருப்பிடிக்காத எஃகு வலையோ திணித்து, மேலே சீலன்ட் பூச வேண்டும். காற்றுத் துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலை.

ஒரு கிடங்கில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சரக்கு இறக்கும் ஷட்டரின் ஓரத்தில் ரப்பர் கிழிந்து ஒரு விரல் அகலத்துக்குச் சந்து இருந்தது. சந்தின் விளிம்பில், சிமெண்டின் மேல் கறுப்பாக ஒரு மினுமினுப்பு. தொட்டுப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு. நூற்றுக்கணக்கான முறை எலிகள் உடம்பை உரசிப் போனதால் வந்த கறை அது. அதற்கு நேர் மேலே, சுவரில், நிறுவனம் மாட்டிய பளபளப்பான அட்டை: "இந்த இடம் பாதுகாக்கப்பட்டது." ஷட்டருக்கு இரண்டு பக்கமும் விஷப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே விருந்து வைத்த கதைதான். பெண் சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு. அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாயாகத் தயார். விஷம் தின்று சாவதைவிட வாசல் வழியாக வந்து சேர்வது வேகமாக நடக்கும்.

எலிப்புழுக்கையை யார் சுத்தம் செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை எந்தச் சங்கமும் கேட்டு நான் பார்த்ததில்லை. தயவுசெய்து இதை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில், ஆரோக்கியமான இளவயதுக்காரர்கள் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தார்கள். சில வாரங்களிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஹன்டா வைரஸ் வகையில் அதுவரை அறியப்படாத ஒன்று. அதைச் சுமந்தது மான் சுண்டெலி என்கிற காட்டு எலி. எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதன் சிறுநீரும் புழுக்கையும் எச்சிலும் காய்ந்து, தூசியாகக் கிளம்பி, மனிதர் மூச்சில் போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அந்த நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்துபோகிறார்கள். 2012-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு வந்துபோன 10 பேருக்கு இதே நோய் வந்தது. 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியிருந்தவை இரட்டைச் சுவர் வைத்த கூடார அறைகள். குளிர் தாங்குவதற்காக இரண்டு சுவர்களுக்கும் நடுவே வைத்த அடைப்புக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன.

எல்லா மலையிலும் இதே வைரஸ் இருக்காது, எல்லா எலியும் இதைச் சுமக்காது. உண்மைதான். ஆனால் எலி வழியாகப் பரவும் நோய்கள் உலகத்தில் ஒன்றிரண்டு அல்ல. காய்ந்த புழுக்கை தூசியாகப் பறப்பதும் வறண்ட காற்று உள்ள எல்லா இடத்திலும் ஒன்றுதான். சீசன் தொடங்கும்போது பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கச் சொல்லி, வேலைக்கு வந்த பையன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறோமே, அந்தக் கணத்தைத்தான் சொல்கிறேன். பெருக்கக் கூடாது. சாதாரண வாக்குவமும் போடக் கூடாது. முதலில் கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையும் கூடும் சொட்டச் சொட்ட நனையும்படி ஊற்றி, ஐந்து நிமிடமாவது ஊற விட்டு, காகிதத் துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்ட வேண்டும். நிறைய கிடந்தால், பல மாதம் சேர்ந்திருந்தால், பரணுக்குள் இருந்தால், தகுந்த முகக்கவசத்தோடு பயிற்சி பெற்ற ஆள் செய்ய வேண்டும். எலியைப் பிடிப்பதோடு இந்தச் சுத்திகரிப்பையும் நிறுவனம் செய்யுமா, அதற்குத் தனிக் கட்டணமா, ஆளுக்குக் கவசம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். எனக்குப் பல வருடம் ஒரு துணி மாஸ்க்தான் கொடுத்தார்கள். பரணில் தவழ்ந்து வந்த நாட்களில் இரவெல்லாம் இருமியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பின்னால் வந்த பையன்களை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

விஷ விஷயத்திலும் மலைக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. புரோடிஃபாகோம் போன்ற புதிய தலைமுறை ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷங்கள் எலியை உடனே கொல்லாது. சில நாள் ஆகும். அந்த நாட்களில் தள்ளாடித் திரிகிற எலியை ஆந்தையோ நரியோ பருந்தோ தூக்கிப்போனால் விஷம் அவற்றின் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். காட்டை ஒட்டி இருக்கிற உங்கள் கட்டடத்தில், இரவெல்லாம் சம்பளம் வாங்காமல் எலி பிடிக்கிற ஆந்தையைக் கொல்வது யாருக்கு லாபம்? இன்னொரு சங்கடமும் உண்டு. விஷம் தின்ற எலி சுவருக்குள் சாகும். வறண்ட காற்றில் அது அழுகி முடியாமல் சருகாகக் காய்ந்து கிடக்கும். அதைத் தின்ன வண்டு வரும், அப்புறம் அந்த வண்டு உங்கள் கம்பளிக்கும் சரக்குக்கும் வரும். கட்டடத்துக்குள்ளே எலியை அடித்துக் கொல்கிற பொறிதான் முதலில், விஷம் கடைசியில், அதுவும் வெளியே பூட்டிய பெட்டிக்குள் மட்டும், எந்தக் காரணத்துக்காக என்று எழுதிவைத்துவிட்டு. இதை ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து. எந்த விஷம், அதற்கு முறிவு மருந்து உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். ரத்தத்தைப் பாதிக்கும் வகைக்கு வைட்டமின் கே1 இருக்கிறது. புரோமெத்தலினுக்கு முறிவு மருந்தே கிடையாது. குழந்தைகளும் நாய்களும் வந்துபோகிற விடுதி நடத்துகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்து ஈக்களைப் பற்றிச் சுருக்கமாக. வெயில் படும் சுவரில் கொத்துக் கொத்தாக வந்து ஒட்டும் ஈயும் நாவாய்ப்பூச்சியும் பொறிவண்டும் குளிர்காலத்தை உள்ளே கழிக்க வருகின்றன. உங்கள் உணவையோ சரக்கையோ தேடி அல்ல. உள்ளே புகுந்த பிறகு பரணில் மருந்து அடிப்பது பணத்தை வீணாக்குவது. அவை நுழைவதற்கு முன்பே, கோடை முடியும்போதே சந்துகளை அடைத்து, தேவைப்பட்டால் வெளிச்சுவரில் மட்டும் மருந்து அடிக்க வேண்டும். வருடம் முழுக்க மாதாமாதம் ஒரே வேலையைச் செய்கிற நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு வராது. மலையில் வேலை பருவத்தைப் பார்த்து நடக்க வேண்டும்: பனி உருகும்போது எறும்பு, கோடைக் கடைசியில் குளவி, முதல் உறைபனிக்கு முன் எலி. 12 முறை வருவார் என்பதைவிட, எந்த மாதம் எதற்காக வருவார் என்று எழுதி வாங்குங்கள். சில மாதம் அவர் வராமலே இருக்கலாம். சில மாதம் நாலு முறை வர வேண்டியிருக்கும்.

தானியமும் மாவும் வைக்கிற கிடங்குக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வறட்சியில் மாவுப் பேனும் புத்தகப் பேனும் பெருகாது என்பது நல்ல செய்தி. ஆனால் கப்ரா வண்டின் புழு மிகக் காய்ந்த தானியத்திலும் வளரும். உணவே இல்லாமல் இடுக்குகளில் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். பல நாடுகளில் அதைப் பார்த்தாலே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். "எங்கள் ஊர்க் காற்றில் புழு வராது" என்ற நிம்மதியில் பொறி வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

விடுதிக்காரர்கள் மூட்டைப்பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள். அதற்குக் காற்றின் ஈரம் ஒரு பொருட்டே இல்லை, ரத்தத்திலிருந்தே எல்லாம் கிடைத்துவிடும். சூடு கொடுத்துக் கொல்லும் முறை நல்ல முறைதான், 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெத்தையின் உள்மடிப்பும் கட்டிலின் பொருத்தும் மணிக்கணக்கில் சூடாக இருந்தால். அறையின் நடுவில் ஒரே ஒரு வெப்பமானி வைத்துவிட்டு முடித்துவிட்டேன் என்பவரை நம்பாதீர்கள். மூலைகளில் எத்தனை சென்சார் வைப்பார் என்று கேளுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமே, நீராவி வேலை செய்யுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியில் கொதிக்கும். மூட்டைப்பூச்சி சாக அது தாராளம். ஆள் அவசரப்பட்டுக் குழாயை வேகமாக இழுத்துக்கொண்டு போனால்தான் பூச்சி பிழைக்கும். மறுபடியும் நேரத்தில்தான் வந்து நிற்கிறோம்.

உரிமம், காப்பீடு, மருந்துகளின் பாதுகாப்புத் தாள் எல்லாவற்றையும் நீங்கள் கேட்டு வாங்குவீர்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரில் உரிமம் இருப்பது வேறு, உங்கள் கதவைத் தட்டுகிற ஆளுக்குப் பயிற்சி இருப்பது வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். கோட்டேஷன் கொடுப்பதற்கு முன்னால் கட்டடத்தை நேரில் வந்து பார்க்காதவரின் கோட்டேஷனைப் பிரிக்கவே வேண்டாம். சதுர அடியைப் போனில் கேட்டு விலை சொல்கிறவர் உங்கள் ஐஸ் மெஷினுக்குப் பின்னால் ஒருநாளும் குனியப் போவதில்லை. வந்து பார்த்தவர் கையில் என்ன கொண்டுவந்தார் என்று கவனியுங்கள். டார்ச்சும், ஒரு சின்னக் கண்ணாடியும், முழங்காலில் தூசியும் இருந்தால் நல்ல அறிகுறி.

நல்ல பதிவேடு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் வரைபடம், அதில் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண், ஒவ்வொரு முறையும் அந்த எண்ணில் எத்தனை, என்ன பூச்சி விழுந்தது என்ற கணக்கு. தூசி படிந்த ஒட்டு அட்டையில் எதுவும் ஒட்டாது, வறண்ட ஊரில் அது சீக்கிரமே தூசி படியும். ஆகவே அட்டை மாற்றிய தேதியும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். 7-ஆம் எண் பொறியில் மட்டும் ஏன் ஏறுகிறது என்று யோசிக்கிற அந்த அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அவர் எழுதிக் கொடுக்கிற பரிந்துரைகளை, கதவடியை மாற்றுங்கள், குழாயைச் சரிசெய்யுங்கள் என்பதை, நீங்களும் செய்ய வேண்டும். இரண்டு மாதமாக நான் எழுதிய ஒரே வரி, மூன்றாவது மாதமும் அப்படியே கிடந்ததைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதுவதையே நிறுத்தியிருக்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது, உரிமையாளர் தப்பும் இருக்கிறது.

இப்படிக் கேட்டால் விலை ஏறும். ஏறத்தான் செய்யும். சங்கமாகச் சேர்ந்து போடுகிற ஒப்பந்தத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது. ஒரே தெருவில் 20 கடைகள் ஒரே நிறுவனத்திடம் இருந்தால் வண்டி ஓடுகிற நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தை விலைக் குறைப்பாகக் கேட்காமல் பரிசோதனை நேரமாகக் கேளுங்கள். பக்கத்துக் கடைச் சுவர் உங்கள் சுவர்தான். எலிக்கு அங்கே எல்லைக்கோடு கிடையாது. தனித்தனியாக ஆளாளுக்கு ஒரு நிறுவனம் வைத்தால், ஒருவர் விரட்டுவதை அடுத்தவர் வாங்கிக்கொள்வார்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் படிவத்தை எடுக்கும்போது, விலைக் கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் போடுங்கள்: முதல் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம், ஒவ்வொரு வருகைக்கும் குறைந்தது எத்தனை நிமிடம். உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் உங்கள் ஆள் கையெழுத்தில் இருக்கட்டும். அந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் நானும் அடுப்புக்குப் பின்னால் குனிந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பரண்களில் தவழ்ந்த ஒரு முன்னாள் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலாளி